நாலு டிகிரி வித்தியாசம்

1

இந்தக் கதை ஒரு தகராறில் பிறந்தது. தகராறு என்னுடையதல்ல. மெரிமாக் ஆறு கடலில் சேரும் எங்கள் ஊரில், படகு விற்பவர்களின் முற்றத்தில், ரஸ்ஸலும் ஆர்மண்டும் கத்திக்கொண்டார்கள். நான் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "முகத்துவாரத்தில் அன்று அலைகள் வெள்ளை வெள்ளையாக—"

வேண்டாம். கடலை வர்ணித்துத் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடியிருக்கிறேன்.

இரண்டாவது: "கோலெட் இறந்து ஒரு வருஷமாகியிருந்தது."

இது உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள். கோலெட் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இருந்தாலும் சொல்லாமல் முடியாது. அவள் ரஸ்ஸலின் மனைவி, ஆர்மண்டின் அக்கா. மூவரும் ஒரே படகில் மீன்பிடித்தவர்கள். அவள் போனதும் ரஸ்ஸல் அந்தப் படகை விற்றுவிட்டார். அதில் ஏறவே முடியவில்லை என்றார். இந்த வசந்தத்தில்தான் ஆர்மண்ட் பேச்செடுத்தார்: இருவரும் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

2

இரண்டு ஃபைபர் படகுகள். ஒரே நீளம், பின்னால் ஒரே மாதிரி அவுட்போர்டு இன்ஜின், நடுவில் நின்று ஓட்டும் மேடை, அதன் மேல் குழாய்க் கால்களில் சின்னக் கூரை. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். இரண்டுக்கும் அடிப்பாகம் ஆழமான 'வி'. ஆனால் வெள்ளையின் 'வி' நாலு டிகிரி கூடுதல் கூர்மை.

(இந்த இடத்தில் ஒரு வாசகர் புத்தகத்தை மூடுகிறார். கொஞ்சம் பொறுங்கள், கதையே அந்த நாலு டிகிரியில்தான் இருக்கிறது. கூர்மையான அடி அலையை வெட்டிப் போகும், ஓடும்போது உடம்பு குலுங்காது. ஆனால் நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டால் இப்படியும் அப்படியுமாக உருளும். கூர்மை குறைந்த அடி நிற்கும்போது நிதானமாக இருக்கும், ஓடும்போது அலையில் மடார் மடாரென்று அறையும்.)

"வெள்ளைதான்," என்றார் ஆர்மண்ட். "பாரு, மூக்கும் முழியுமா எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"மச்சான், படகு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? சாம்பல்தான். அழுக்கு தெரியாது."

"நீ எந்தக் காலத்துல படகு கழுவுன? எல்லாம் எங்கக்கா கழுவுனா."

அதற்குப் பிறகுதான் கத்தல்.

[இவர்கள் மொழியில் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'மச்சான்' நான் போட்டது. நடுவில் இருந்தவள் போன பிறகு இவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று கேட்டால் இரண்டு பேருமே தடுமாறுவார்கள். தமிழில் தடுமாற வேண்டியதில்லை.]

3

ஆர்மண்ட் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது, பாத்திரமாக. மீன் பதப்படுத்தும் ஆலையில் ஃபோர்மனாக இருந்தவர். கத்தி வாங்கினால்கூடக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். அப்படிப்பட்ட ஆள் லட்சணத்துக்காகப் படகு வாங்குவாரா? முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் அசட்டு ஆளாக எழுதிச் சமாளித்தேன். ரஸ்ஸலைப் பிடிவாதக்காரராக. இரண்டும் பொய்யாக இருந்தன. கிழித்தேன்.

அப்புறம் என்ன நடந்ததோ அதையே எழுதலாம் என்று—

சரி, எழுதுகிறேன்.

4

விற்பனைக்காரி மாரீன் எங்களை இரண்டு படகிலும் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போனாள். காற்று ஒரு பக்கம், வற்றும் நீர் எதிர்ப்பக்கம். முகத்துவாரம் முரண்டு பிடித்தது.

வெள்ளை முதலில். அலையை வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொண்டு போனது. பிளம் தீவுக்கு வெளியே இன்ஜினை அணைத்தாள். படகு உருளத் தொடங்கியது. ஆர்மண்ட் கூரைக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார்.

"தொட்டில் மாதிரி இருக்கு," என்றார்.

பிறகு சாம்பல். ஒவ்வொரு அலைக்கும் ஓர் அறை. போன வருஷம் முதுகெலும்பில் உலோகத் தகடு வைத்த ரஸ்ஸல், பல்லைக் கடித்தபடி முட்டியை மடித்து நின்றார்.

"மெத்தை மாதிரி இருக்கு," என்றார்.

அடுத்த அலை அறைந்ததும் அவர் வாயிலிருந்து ஒரு முனகல் தப்பியது.

"வேகத்தைக் குறை!" ஆர்மண்ட் மாரீனிடம் கத்தினார். "அவன் முதுகு போயிடும்!"

மாரீன் இன்ஜினையே அணைத்தாள். சாம்பல் படகு அமைதியாக மிதந்தது.

5

"என் முதுகைப் பத்தி உன்னை யாரு கேட்டா?" என்றார் ரஸ்ஸல்.

"அதுக்குத்தான் வெள்ளைன்னு தொண்டை கிழியக் கத்துறேன்!"

"வெள்ளையில ஏறி? குழாயைக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னியே, அப்படியா மீன் பிடிப்ப? உனக்குக் காதுல கோளாறு, தலை சுத்துதுன்னு எனக்குத் தெரியும்டா."

ஆர்மண்ட் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "யார் சொன்னது?"

"கோலெட். ஆஸ்பத்திரியில. 'என் தம்பி சொல்ல மாட்டான், நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, பாத்துக்கோ'ன்னா."



"அவ போயிட்டா," என்றார் ஆர்மண்ட். "இனிமே நீ எனக்காக எதுக்கு அடி வாங்கணும்?"

"நீ எதுக்கு எனக்காகத் தலை சுத்திக்கிட்டு நிக்கணும்?"

மாரீன் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

"எழுத்தாளரே, வேடிக்கை பாத்தது போதும்," என்றார் ரஸ்ஸல். "நீ சொல்லு, எது?"

நான் சொல்லவில்லை. எனக்கு இருவரும் வேண்டும்.

6

முடிவு ஒன்று: வெள்ளை வாங்கினார்கள். ஆர்மண்ட் ஒரு மாதத்தில் ஏதோ சாக்குச் சொல்லி நின்றுவிட்டார். எழுதினேன். படிக்கப் பிடிக்காமல் அடித்தேன்.

முடிவு இரண்டு: சாம்பல். ரஸ்ஸலுக்கு மறுபடி அறுவை— இதுவும் வேண்டாம்.

நடந்தது இது. கரைக்கு வந்து, வறுத்த மட்டி தின்றுகொண்டே பேரம் பேசினார்கள், தங்களுக்குள். வெள்ளை என்றால் ஆர்மண்ட் 'கிளப்பு' என்றதும் மறுபேச்சில்லாமல் இன்ஜினைக் கிளப்ப வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும். சாம்பல் என்றால் வேகம் முழுக்க ரஸ்ஸல் கையில், பின்னால் நின்று யாரும் 'ஆமை' என்று கேலி பண்ணக் கூடாது.

"ஆமைன்னு ஒரே ஒரு தடவை?"

"ஒரு தடவைகூடக் கிடையாது."

கை குலுக்கினார்கள். பிறகு ஒன்றை வாங்கினார்கள். எதை என்று எழுதினால், இருவரில் ஒருவர் தோற்றதாக நீங்கள் நினைப்பீர்கள். அதனால் எழுதப்போவதில்லை.

இந்த வரியை எப்படி முடிப்பது என்று யோசிக்கும்போதே ஜன்னலுக்குக் கீழே, ஆற்றுத் துறையில், படகு ஹாரனை அடிக்கிறார்கள்.

"மீன் என்ன, நீ திருத்தி எழுதற வரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா?" ஆர்மண்டின் குரல்.

"விடு, வரட்டும்," என்கிறார் ரஸ்ஸல். "மூணாவது ஆள் இல்லாம படகு ஒரு பக்கமா சாயுது."

அவர்கள் ஏறி நிற்கும் படகு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதற்கு நிறம் நீங்கள் கொடுங்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு—