லேசருக்கு வைத்த பொட்டு

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, சம்பா வயல்களுக்கு நடுவில் ஒரு தனியார் விமானத்தளம். பனிக்காலத்தில் அங்கே எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்று அளந்து சொல்வது சுடர்விழியின் வேலை. அளப்பது லேசர். ஒரு கம்பத்திலிருந்து ஒளி கிளம்பி எதிர்க்கம்பத்துக்குப் போகும். வழியில் பனி தின்றது போக மிச்சம் எவ்வளவு வந்து சேர்ந்ததோ, அதை வைத்துத் திரையில் மீட்டர் கணக்கு விழும். எண்ணூறு மீட்டராவது இருந்தால்தான் விமானம் இறங்கலாம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை. வயலும் வானமும் ஒரே பாலாய்க் கிடந்தன. திரையில் நூற்றைம்பது. வரும் விமானத்திலோ முதலாளியும் அவர் மனைவியும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், முகூர்த்தம் நெருங்குகிறது.

கம்பத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் தியாகராசன் பாய்ந்து வந்தார்.

"கண்ணாடியில சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கு! யாரு வச்சது?"

சுடர்விழி எழுந்து நின்றாள். நேற்று வீட்டில் மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் என்று பொட்டு வைத்துவந்த கை, இதை மட்டும் விட்டுவிடுமா?

"நான்தாங்க சார். சோறு போடுற கருவியாச்சேன்னு..."

"என்ன படிச்சு என்ன? களத்துமேட்டுப் புத்தி போகுமா?"

"களத்துமேட்டுலேருந்துதாங்க வந்தேன். அதுக்கென்ன இப்ப?"

துணியோடு ஓடினாள், கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டு வந்தாள். எண் ஏறியது. முந்நூற்று இருபதில் நின்றுவிட்டது.

"மிஷினு சரியில்ல. கண்ணால பாத்து ஆயிரம்னு சொல்லு."

"அரை கிலோமீட்டர் தள்ளி நிக்கிற வாசல் வேப்பமரமே தெரியலிங்களே சார்."

"பொட்டு வச்சதை மேல சொன்னா உன் வேலை போயிடும், தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் வீடே நிற்கிறது. இருந்தும் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாராளமா சொல்லுங்க. வச்சது தப்புதான், தொடச்சிட்டேன். பனியைத் தொடைக்க எங்கிட்டத் துணி இல்லிங்க. ஆயுசு கேட்டுத்தானே அவங்க திருக்கடையூர் போறாங்க? அதை நம்ம வயல்லயே கொட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?"

மேலே இரைச்சல் கேட்டது. விமானியோடு பேசும் மைக்குக்குத் தியாகராசன் கை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பார்வைத் தூரம் முந்நூற்று இருபது. இங்க இறங்க முடியாது. திருச்சிக்குப் போங்க."

இரைச்சல் ஒரு சுற்றுச் சுற்றி மேற்கே போய்த் தேய்ந்தது. சற்றைக்கெல்லாம் தியாகராசனின் போன் அலறியது. முதலாளி வீட்டு எண். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"குடுங்க சார்," என்று கையை நீட்டினாள் சுடர்விழி. "இறங்க விடாதவ நான்தான்னு நானே சொல்றேன்."