மூக்கில் எழுபது கிராம்

விமானப்படையில் முப்பத்தொரு வருஷம் சக்கரமும் பிரேக்கும் பார்த்தவரை டயர்காரர் என்று எல்லோரும் கூப்பிட்டதில் தப்பொன்றும் இல்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை. அவருடைய வருத்தம் வேறு. ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதன் கூடத்துச் சுவரில் நாற்பது புகைப்படங்கள். நாற்பதிலும் விமானம் ஆகாயத்தில் இருந்தது. ஒன்றில்கூடச் சக்கரம் கிடையாது. மேலே போனதும் சக்கரத்தை வயிற்றுக்குள் மடித்து மூடிக்கொள்கிற ஜாதி அது. இறங்குகிற வரைக்கும் அதை யாரும் நினைக்கிறதில்லை. இறங்கின பிறகும்தான்.

"பாத்தியா, நான் ஒருத்தன் இல்லாமலே நாப்பதும் மேல போயிருக்கு," என்பார் சகலையிடம்.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். அதே விமானப்படைத் தளத்தில் ஸ்டோர் பார்த்தவர். "ஏண்ணே, ஸ்டோர் படம் மட்டும் மாட்டியிருக்கா?"

"ஸ்டோரைப் படம் எடுத்தா பூட்டுதான் தெரியும்."

இப்படி இருக்கையில் சங்கம் வாசலில் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கியது. அதற்குள் வைக்க, அவர்கள் காலத்துப் போர் விமானம் ஒன்றின் பிளாஸ்டிக் மாடல். சின்னப் பொம்மை இல்லை. ஒட்டி முடித்தால் ஒரு முழத்துக்கு மேல் நீளம் வரும். கை நடுங்காத ஆள் டயர்காரர் ஒருவர்தான் என்பதால் வேலை அவரிடம் வந்தது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விமானம் சக்கரத்தில் நிற்க வேண்டும். உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தன் கண்ணிலும் முதலில் சக்கரம் பட வேண்டும்.

தலைவர் முன்னாள் பைலட். "நிக்கட்டுமே, எனக்கென்ன," என்றார்.

பெட்டி டயர்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திறக்கப்பட்டது. சட்டம் சட்டமாக, அவற்றில் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கூடவே ஒரு விளக்கப் புத்தகம். யாரும் கேட்காமலே சகலை புத்தகத்தையும் சட்டங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எண் சொல்லுங்க. சொன்னாத்தான் துண்டு."

"கண்ணு முன்னாடி கிடக்குடா. அந்தக் கால் துண்டு."

"அந்தக் கால்னு ஒண்ணும் இல்லண்ணே. பி இருபத்தெட்டுன்னு ஒண்ணு இருக்கு."

டயர்காரரின் மனைவி மேசையின் மிச்ச மூலையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் ரிடையர் ஆயிட்டீங்கன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

நான்காவது படியிலேயே வினை வந்தது. பின்சக்கரக் காலில் பிரேக் குழாய் முன்பக்கமாக இறங்குவது போல் புத்தகத்தில் வரைந்திருந்தது. டயர்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

"பின்பக்கம்டா! அந்தக் குழாயில என் முட்டி எத்தனை தடவை இடிச்சிருக்கு தெரியுமா? வரைஞ்சவன் விமானத்தையே பாக்கல."

அது உண்மைதான். அவர் சொன்னது சரி, புத்தகம் தப்பு. கெட்டதே அங்கேதான். ஒரு பொய்யைக் கண்டுபிடித்த மனுஷனுக்கு அப்புறம் எல்லாமே பொய்யாகத் தெரியும். அதிலும் டயர்காரர், கடையில் எடைபோட்ட சாமானை வீட்டுக்கு வந்து மறுபடி எடைபோடுகிறவர்.

சக்கரங்களுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. பாரம் தாங்குகிற டயர் அடியில் கொஞ்சம் பிதுங்கும் என்று அடிப்பக்கத்தைத் தேய்த்தார். ஓடின டயர் கறுப்பாக இருக்காது என்று சாம்பல் பூசினார். பழைய சார்ஜர் ஒயரைப் பிரித்து, தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி எடுத்துக் குழாய் போட்டார். பின்பக்கமாக. முன்சக்கரம் மடங்குகிற குழிக்குள் மட்டும் இருபத்திரண்டு கம்பிகள். ஆணித் தலைகளை ஊசி முனையால் வைத்தார். மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "என் பல்லுக்கு இவ்வளவு பாத்திருந்தா நாலு பல்லு மிஞ்சியிருக்கும்," என்றாள்.

அப்புறம் பதினோராம் படி.

"அண்ணே, இங்க ஒரு எடைக்கல்லு படம் போட்டிருக்கு. எழுபது கிராம். மூடுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள வச்சு ஒட்டணுமாம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு போடல."

"போட மாட்டான். முப்பத்தொரு வருஷம் அந்த மூக்குக்கு அடியில குனிஞ்சு நிமிர்ந்தவன் நான். உள்ள ரேடார் இருந்துச்சு. எவனும் எடைக்கல்லு வச்சதில்ல."

"புத்தகத்துல இருக்கேண்ணே."

"குழாய் முன்னாடி இறங்குதுன்னும் புத்தகத்துலதான் இருந்துச்சு. இல்லாததை என் கையால வைக்க மாட்டேன். மூடு."

விமானத்தைக் கண்ணால் பார்க்காதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவன் வைக்கச் சொன்னால் வைத்துவிட்டுப் போவான். இந்தத் தப்பைச் செய்ய முப்பத்தொரு வருஷ அனுபவம் வேண்டும்.

சகலை வாதாடவில்லை. ஒரு நோட்டை எடுத்து, 'எழுபது கிராம் எடை, பொருத்துநர் மறுத்தார்' என்று எழுதி, தேதி போட்டு நீட்டினார். டயர்காரர் கையெழுத்தே போட்டார்.

மூக்கும் உடம்பும் ஒரே அச்சு. இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, ஒட்டின கோட்டைப் பூசித் தேய்த்து, சாயம் அடித்து, எழுத்தெல்லாம் ஒட்டி முடிக்க இன்னும் இரண்டு வாரம். கடைசியில் ஒரு காலை நேரம், சக்கரக் கால்களைப் பொருத்தி மேசையில் இறக்கிக் கையை எடுத்தார்.

விமானம் ஒரு நொடி யோசித்தது. பிறகு மூக்கு மெதுவாக மேலே கிளம்பியது. வால் 'டக்' என்று மேசையில் உட்கார்ந்தது. எலும்புத் துண்டு கேட்டு உட்கார்ந்திருக்கிற நாய் மாதிரி இருந்தது.

டயர்காரர் விரலால் மூக்கை அழுத்தினார். இறங்கியது. விரலை எடுத்தார். ஏறியது. மறுபடி அழுத்தினார். சகலையின் கை நோட்டுப் பக்கம் போனது.

"நோட்டைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்."

நிஜ விமானத்தின் மூக்கில் ரேடார் இருந்தது. அதற்கு எடை இருந்தது. பிளாஸ்டிக் மூக்கில் வெறும் காற்று. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு எரிச்சல்.

உள்ளே எடை போட ஒரே வழி, முன்சக்கரக் குழியை உடைப்பது. இருபத்திரண்டு கம்பியும் போகும். "அதுக்கு முன்னாடி என்னை உடை," என்றார் டயர்காரர்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர், விமானம் வாலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்குப் போயி முகத்தைத் தொங்கப் போட்டுட்டு! சக்கரத்தைப் பிடுங்கிட்டு அந்தக் குழி மூடியை ஒட்டிடுங்க. ஒரு கம்பியில தூக்கி நிறுத்திடலாம். பறக்கட்டும். விமானம்னா பறக்கணும். வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க."

அவர் போய்விட்டார். மூன்று வாரத்து வேலை மூடிக்குப் பின்னால் போகப்போகிறது. நாற்பத்தோராவது படம்.

மனைவி மேசையைத் துடைக்க வந்தாள். "ஏங்க, நிஜ விமானத்துல அந்த ரேடாரை ரிப்பேருக்குக் கழட்டுவாங்கல்ல? அப்ப அதுவும் இப்படித்தான் உக்காந்துக்குமா?"

"உக்காராது. முன்சக்கரக் கால்ல நாலு மணல் மூட்டை கட்டித் தொங்க விடுவோம்..." டயர்காரர் அதோடு நிறுத்தினார்.

சகலை அவரைப் பார்த்தார். அவர் சகலையைப் பார்த்தார். அந்த மூட்டைகளை எண்ணிக் கொடுத்தவர் ஒருத்தர், கட்டினவர் ஒருத்தர். அவள் தளத்துக்குள் காலே வைத்ததில்லை.

"என்னத்துக்கு இப்படி முழிக்கிறீங்க?" என்றாள்.

கிழிந்த குடைத் துணியில் அவளே நாலு மூட்டை தைத்தாள். ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. உள்ளே தூண்டிலுக்குப் போடுகிற ஈயக் குண்டு. நூலால் வாயைக் கட்டி முன்காலில் மாட்டினார்கள். மூன்று மாட்டியும் மூக்கு அசையவில்லை. நாலாவதுக்கு இறங்கியது. முன்சக்கரம் மேசையைத் தொட்டு நின்றது. சகலை, 'ரேடார் கழற்றப்பட்டுள்ளது' என்று சிவப்புத் தாளில் பொடி எழுத்தில் எழுதி மூக்கில் கட்டினார். இதில் பொய் ஒன்றுமில்லை. ரேடார் உண்மையிலேயே இல்லை.

வியாழக்கிழமை தலைவர் கண்ணாடிப் பெட்டியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். "என்ன மூட்டை இது? இருபது வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு நாளும் பாத்ததில்லையே."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அவுத்துருவோம் சார்," என்றார் டயர்காரர்.

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எலக்ட்ரீஷியன், பெயின்டர், இழுவை டிராக்டர் ஓட்டினவர் என்று தரையில் வேலை பார்த்த கிழவர்கள் அத்தனை பேரும். "டேய், மூட்டைடா!" என்று ஒருத்தர் கத்தினார். மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கினவர் ஒருத்தர், காலில் போட்டு விரலை நசுக்கிக்கொண்டவர் ஒருத்தர், மழையில் நனைந்த மூட்டையைத் தூக்கி இடுப்பு பிடித்தவர் ஒருத்தர். ஆளாளுக்கு ஒரு மூட்டைக் கதை இருந்தது. அந்தக் கூடத்தில் அவர்கள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கம்பியில் தூக்கி நிறுத்துகிற பேச்சைத் தலைவர் அதோடு விட்டுவிட்டார்.

"யாருய்யா தைச்சது? அச்சு அசலா இருக்கு!"

டயர்காரரின் மனைவியை முன்னால் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். அவள், "பழைய குடைதாங்க," என்றாள். அதற்கும் தட்டினார்கள்.

நாலு மூட்டையும் சேர்ந்து முன்சக்கரத்தைச் சுத்தமாக மறைத்திருந்தன. பின்சக்கரங்கள் இறக்கையின் நிழலில்.

"பின்னாடி வந்து குனிஞ்சு பாருங்க, பிரேக்கெல்லாம் தெரியும்," என்று டயர்காரர் நாலு பேரிடம் சொன்னார்.

"குனிஞ்சா அப்புறம் யாரு எங்களை நிமித்துறது?" என்று சிரித்துவிட்டு அவர்கள் மூட்டைப் பக்கமே போனார்கள்.

கடைசியில் அவரே முட்டியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குந்தினார். தலைவர் கடந்து போகும்போது நின்றார்.

"கீழ என்ன தேடுறீங்க?"

"சக்கரம் சார்."

"எங்க போயிரும்? மூட்டைக்குப் பின்னாலதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் தேநீர் குடிக்கப் போனார்.