சீதேவி வீட்டு நல்ல தண்ணீர்

"கயித்திலை கை வையாதையும்!"

சீதேவி போட்ட சத்தத்தில் கிணற்றுக்கட்டில் இருந்த காகமும் எழும்பிப் பறந்தது. வாளிக் கயிற்றுக்கு நீட்டிய கையை நிசாந்தினி அந்தரத்திலேயே நிறுத்தினாள். வேலணையின் கிணறுகளைச் சோதிக்க வந்த அரசாங்க உத்தியோகத்தர் அவள். அதே ஊர்க்காரிதான். ஆனால் கீழைத்தெரு. படித்தென்ன, பட்டம் எடுத்தென்ன, அந்தக் கயிற்றுக்கு அவள் இன்னும் கீழைத்தெருதான்.

"நான்தான் அள்ளவேணும் அக்கா. விதி அப்பிடி."

"விதி உமக்கு. கிணறு எங்களுக்கு. நில்லும், நான் கொண்டந்து தாறன்."

'அக்கா' என்ற சொல்லே சீதேவிக்குக் காதில் முள்ளாய்க் குத்தியது. இவளுடைய தாய் இதே முற்றத்தில் நின்று 'நாச்சியார்' என்று கூப்பிட்டவள் அல்லவா!

விசயம் கயிறு மட்டுமில்லை. சீதேவியின் புருசன் அப்புத்துரை வளவுக்குப் பின்னால் இருந்த காணியைச் சுண்ணாம்புக்கல் கிண்டக் குத்தகைக்கு விட்டிருந்தார். கல் கிண்டிய கிடங்கு ஆழமாகப் போகப் போக, கடல் அடியால் வந்து வீட்டுக் கிணற்றில் குந்திக்கொண்டது. இப்போது கிடங்கைக் கீழைத்தெருப் பக்கம் அகட்டக் குத்தகைக்காரர் அனுமதி கேட்டிருந்தார்கள். கிடங்குக்கு ஆகக் கிட்டவுள்ள இந்தக் கிணறு உவர் என்று தெரிந்தால் அனுமதி கிடையாது. நல்ல தண்ணீர் என்றால், அடுத்து அழியப்போவது கீழைத்தெருவின் ஒரேயொரு கிணறு. நிசாந்தினியின் தாய் குடிக்கிற கிணறு.

கிணறு ஒரு பக்கம் இருக்க, சீதேவி மறுபக்கம் குசினிக்குள் போய்ச் செம்போடு வந்தாள். பொய்க்கும் ஒரு லட்சணம் வேண்டாமா?

"விடியவே கிணத்திலை அள்ளி வைச்சது," என்றாள்.

நிசாந்தினி உப்பளக்கும் மானியைச் செம்புத் தண்ணீருக்குள் விட்டாள். இலக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காலையில் தன் தெருக் கிணற்றில் கண்ட அதே இலக்கம், ஒரு புள்ளி விலகவில்லை. தீவில் இரண்டு கிணறுகள் இப்படி ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. தண்ணீர் விற்கிற மிரோஜன் தன் சின்னப் பட்டா லொறியில் தண்ணீர்த் தாங்கியை ஏற்றிவந்து கீழைத்தெருக் கிணற்றில் நிரப்பிப் போவது தெருவுக்கே தெரியும். எந்த வீட்டுக்கு விற்கிறான் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"அருமையான தண்ணி அக்கா! இளநீர் தோத்துப்போம்."

விறாந்தைக் கதிரையில் இருந்த அப்புத்துரை நிமிர்ந்தார். "அப்ப கிடங்காலை ஒரு சேதமும் இல்லையெண்டு எழுதும்."

"எழுதுறதென்ன ஐயா, ஊருக்கே சொல்லுறன்."

சொன்னாள். அன்று பின்னேரமே கீழைத்தெருப் பெண்கள் குடமும் வாளியுமாய்ப் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். முன்னுக்கு வந்தவள் றஞ்சனி. அவள் வாய்க்கு முன்னால் தவில் நிற்காது.

"என்னடி இது?" என்று பதறினாள் சீதேவி.

"கிடங்கு எங்கட கிணத்தடிக்கு வருகுதாமெல்லே அக்கா. அது கெட்டுப்போனா எங்களுக்கு உங்கட கிணறுதானே கதி. இளநீர் மாதிரியாம்! அதுதான் இப்பவே வந்து பழகுறம்."

சீதேவி ஓடிப்போய்க் கயிற்றைக் கட்டிப்பிடித்தாள். வாயைத் திறவாதே என்று அப்புத்துரை கண்ணால் கெஞ்சினார். அதற்குள் றஞ்சனியின் கை வாளியை எட்டிவிட்டது.

"ஐயோ, அள்ளாதேங்கோடி! அது உவர்த் தண்ணி! வாயிலை வைக்கேலாது! நாங்களே குடிக்கிறேல்லை!"

அப்புத்துரை தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெண்களுக்குப் பின்னால் நின்ற நிசாந்தினி போத்தலும் மானியுமாய் முன்னுக்கு வந்தாள். "அரசாங்கத்துக்கு வாய்ச்சொல் காணாது அக்கா. நானே ஒருக்கா அள்ளிப் பாக்கிறன்."

"கயித்திலை கை வைக்கிறது இவள் ஒருத்தியோ, இல்லாட்டி நாங்கள் எல்லாருமோ?" என்றாள் றஞ்சனி.

சீதேவி கயிற்றை விட்டாள். நிசாந்தினி அந்தக் கயிற்றைப் பிடித்து, ஆறுதலாக வாளியை இறக்கி, தளும்பத் தளும்ப அள்ளினாள். மானியின் இலக்கம் ஏறு ஏறென்று ஏறியது. போத்தலை நிரப்பி மூடும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைக் கண்டாப் பிறகு கிடங்கை அகட்ட விடமாட்டினம். எங்கட கிணறு தப்பீட்டுது," என்றாள்.

பெண்கள் படலையைக் கடக்குமுன்பே சீதேவி மஞ்சளைத் தேடி ஓடினாள். கயிற்றைக் கழுவ வேண்டுமே! உவர்த் தண்ணீரில் தீட்டுக் கழியாது என்பது அவள் எண்ணம். குசினிக்குள் இருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து, மஞ்சள் கரைத்து, கயிற்றின்மேல் சளசளவென்று ஊற்றினாள்.

படலையடியில் நிசாந்தினி திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா ஊத்துங்கோ அக்கா. எங்கட கிணத்துத் தண்ணிதான், மிரோஜனைக் கேட்டுப் பாருங்கோ. முடிஞ்சா நீங்களே வந்து அள்ளலாம். எங்கட கயித்திலை ஆரும் கை வைக்கலாம்."

சீதேவியின் கை அப்படியே நின்றது. குடத்தில் அரைவாசி மஞ்சள் தண்ணீர் மிச்சமிருந்தது. அன்றிரவு குடிக்க அந்த வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.