கழுவாத நீலம்

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். குரலை உயர்த்திச் சொல்கிற கதை இல்லை இது. நல்ல கதை தருகிறேன், வாக்கு. முழுக்கதை தருவேனா என்பது எனக்கே தெரியாது.

1

இது எங்கே கிடைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் மாற்ற ஒரு கடைக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு நீலக் காகிதம். அதில் வெள்ளையாக ஒரு கத்தரிக்கோல், ஒரு சாவிக்கொத்து.

"எந்தக் கேமராவுல எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"கேமராவே இல்லைம்மா. காகிதத்துல மருந்து* பூசி, மேல சாமானை வச்சு, வெயில்ல காட்டி, அப்புறம் தண்ணியில கழுவறது. வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைஞ்ச இடம் வெள்ளையா நிக்கும்" என்றார் சட்டம் போடுகிறவர்.

உள்ளே கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை. "சாவி சொன்ன பேச்சு கேக்கும். அதான் அவருக்குப் பிடிக்குது" என்றாள்.

அந்தக் குரலை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

(*மருந்தின் பெயரைக் கேட்டேன், சொன்னார், மறந்துபோனேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் கணவனைச் சந்தேகப்பட்டாள், ஏனென்றால்—'

அடித்துவிட்டேன். சந்தேகம் வேறு, பொறாமை வேறு. சந்தேகத்துக்குத் தீனி வேண்டும். பொறாமை பச்சைத் தண்ணீரைக் குடித்தே வளரும்.

அடுத்தது: 'கண்ணாடி வெட்டுகிறவளின் கை ஆடாது.' இது இருக்கட்டும். அளவுகோலின் ஓரமாகக் கட்டரை ஒரே இழுப்பு இழுத்து, கண்ணாடியை மடக்கென்று பிரித்தெடுப்பாள். அதே கையைச் சும்மா வை என்றால் அவளால் ஆகாது. அவள் கையைக் காகிதத்தில் பதிக்க அவரும் எத்தனையோ தடவை பார்த்தார்.

"ஆடாதே."

"மூக்கு அரிக்குதுங்க."

"மூக்கு அரிச்சா கை ஏன் ஆடணும்?"

"பின்ன, காலாலயா சொறிஞ்சுக்குவாங்க?"

கழுவிப் பார்த்தால் விரலோரமெல்லாம் கலைந்து, கை புகை மாதிரி இருக்கும். 'புகைக்கை' என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார். அவளும் சிரித்தாள். (சிரித்தாளா? பல் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

இப்போது இன்னொருத்தி வேண்டும். ஓவிய ஆசிரியை ஒருத்தியைக் கூட்டி வந்தேன். கழுத்தில் மணிமாலை, நடையில் ஒரு— வேண்டாம், போய் வா தாயே என்று அனுப்பிவிட்டேன். முன்பின் தெரியாதவள்மேல் வருகிற பொறாமை நாலு நாளில் ஆறிப்போகும். கூடப் பிறந்தவள்மேல் வருவது ஆறாது.

ஆக, அக்கா. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறாள். "உன் அக்காவைப் பாரு, வச்ச இடத்துல இருக்கா" என்று அம்மா சொல்லிச் சொல்லியே தங்கைக்குக் காது புளித்துப்போயிருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியதால் அக்காவின் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும்.

ஒரு நண்பகல். வெட்டிய கண்ணாடிகளைக் கொடுத்துவிட்டுத் தங்கை கடைக்குத் திரும்புகிறாள். கணவர் வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறார்.

"உங்க அக்கா வந்துட்டுப் போனாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். உள்ள ஒண்ணு கழுவாம இருக்கு. நான் வந்து கழுவிக்கறேன், நீ தொடாதே."

"தொட்டா?"

"புகைஞ்சு போயிடும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

4

உள்ளறையில், மேசைமேல், கறுப்புத் துணி மூடிய பலகை. துணியைத் தூக்குகிறாள். சாம்பல் நீலத்துக்கு நடுவில், கழுவாத மருந்தின் இளம்மஞ்சளில் ஒரு கை. ஓரமெல்லாம் கண்ணாடி வெட்டினாற்போல் சுத்தம். சுண்டுவிரல் வளைந்திருக்கிறது.

தூரத்தில் நின்று தெரியாமல் எடுத்த படமாக இருந்தால் அவள் பொறுத்திருப்பாள். இந்த வேலையில் தூரம் கிடையாது. கை வந்து காகிதத்தில் படுத்தால்தான் படம். வெயில் சுட்டிருக்கும், ஈ மொய்த்திருக்கும், அக்கா அசையவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பார்.

போனை எடுத்தாள்.

"அக்கா, கை குடுத்தியாமே?"

"கேட்டாரு, குடுத்தேன். உன்னால ஒரு நிமிஷம் உக்கார முடியாதாம்ல. சிரிச்சோம்."

"சிரிச்சீங்களா?"

"ஏண்டி, சிரிக்கக் கூடாதா?"

போனை வைத்துவிட்டாள்.

(உங்களிடம் சொல்வதற்கென்ன. எனக்கு இவள்மேல் பொறாமை. பொறாமைப்பட இவளுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.)

5

இந்தக் காகிதத்தைத் தண்ணீரில் அலசினால் அக்காவின் கை நிலைத்துவிடும். அலசாமல் வெயிலில் வைத்தால் மஞ்சளும் நீலமாகி, கை இருந்த சுவடே தெரியாது. இந்தப் பக்கம் குழாய், அந்தப் பக்கம் ஜன்னல். நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஜன்னல்: கை கரைகிறது. அவர் வந்து, "போனா போகுது, அக்காவை இன்னொரு தடவை வரச் சொல்றேன்" என்பார். ஆகாது.

குழாய்: கை நிற்கிறது. அதற்குச் சட்டம் போட அவளே கண்ணாடி வெட்டித் தர வேண்டும். கடைக்கு வருகிறவர்களெல்லாம் யார் கை, யார் கை என்பார்கள். காலமெல்லாம் யார் பதில் சொல்வது?

மூன்றாவது: அக்கா கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு, பலகையோடு போய் வெயிலில் நிற்கிறாள். ஆடாமல் நின்றால் அக்கா கை பிழைக்கும். ஆடினால் கலையும். 'அவள் நின்றாள். கை மெல்ல—'

இதற்குமேல் பேனா நகரவில்லை. அவள் மனசு எனக்குப் பிடிபடவில்லை கண்ணுகளா.

6

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். துணியைத் தூக்கினாள் என்று எழுதினேன், மூடினாள் என்று எழுதவே இல்லை. நான் முடிவு தேடிக்கொண்டிருக்கிற இவ்வளவு நேரமும் ஜன்னல் வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு விரலாக நீலம் ஏறிக்கொண்டிருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே முடிவாகிப்போகும்.

அவள் இன்னும் நடுவில்தான் நிற்கிறாள். எந்தப் பக்கம் என்று நீங்களே அவள் காதில் சொல்லிவிடுங்கள். எனக்குக் கேட்க வேண்டாம்.

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்கிறவர்களும், அந்தப் பதிலைத் தாங்கிக்கொள்கிறவர்களும் அங்கே நிறைந்திருக்கட்டும்.