இடுப்பில் இருப்பதே தெரியாது

நெல்டா துப்பாக்கி வாங்கப் போனபோது கூடப் போனது நான். காசு அவளுடையது, வாய் என்னுடையது. எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்குத் துப்பாக்கி வகுப்பு நடத்துகிறவள் நான் ஒருத்திதான். இந்த ஜெரால்டின் வருகிறாள் என்றால் கடைக்காரர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

நெல்டாவும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். எங்கள் சர்ச்சைப் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் தனியாகப் போய்க் கதவைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, காபிக்குத் தண்ணீர் வைப்பாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் குடித்தனம் ஓடியது. அவளை விட்டுப் போன புருஷன் டேல், லிட்டில் ராக் நகரத்திலிருந்து திரும்பி வந்ததும் ஆரம்பித்தது வினை. அந்த இருட்டில் அவனுடைய பிக்கப் வண்டி சர்ச் வாசலில் வந்து நிற்கும். இறங்க மாட்டான், பேச மாட்டான். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஊர்ப் போலீஸ் தலைவர் ஷெரிஃபிடம் சொன்னதற்கு, "உட்கார்ந்திருக்கிறது குத்தமில்லையேம்மா" என்றாராம். இவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? நாங்கள்தான், வேறு யார்!

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது இருப்பதிலேயே லேசானதை. "இடுப்புல இருக்கிறதே தெரியாதும்மா" என்றார்.

"இருக்கிறது தெரியாது சரி. சுட்டா மணிக்கட்டுக்குத் தெரியுமே, அதைச் சொல்லலியே நீங்க" என்றேன். ரிவால்வர் லேசாக ஆக ஆக உதை அதிகம். ஒரு தடவை உதை வாங்கினவள் அடுத்த தடவை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிக்கொள்வாள். குண்டு எங்கேயோ போகும்.

அடுத்தது முழு எஃகு. குறி தப்பாது, ஆனால் கனம். நெல்டா இடுப்பில் சொருகிப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிக்கிட்டு நான் எப்படி ஜெரி தரை துடைக்கிறது? பாவாடை வேற, துப்பாக்கி வேறன்னு தனித்தனியாத்தான் நடந்து போகும்" என்றாள். கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மூன்றாவதுதான் அமைந்தது. அலுமினிய உடம்பு, ஐந்து தோட்டா, குட்டைக் குழல். முனையில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஒரு வெள்ளைப் புள்ளி. கடைக்குப் பின்னால் இருக்கிற சுடுகளத்தில் காகிதத் தட்டை மாட்டி நெல்டாவைச் சுடச் சொன்னேன். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தன. "ஐயோ, நானா சுட்டேன்?" என்று குதித்தாள். பிறகு நான் வாங்கிச் சுட்டேன். அடடா! என் கைக்கென்றே செய்தது போல இருந்தது. எனக்கும் அதே மாதிரி ஒன்று எடுத்துக்கொண்டேன். அதுவரை ஒரு கனத்த எஃகுத் துப்பாக்கியோடு அலைந்து இடுப்பெலும்பு தேய்ந்து கிடந்தேன்.

அந்த வாரம் வகுப்பில் நெல்டா கையைத் தூக்கினாள். "பாத்ரூம் போனா என்ன பண்றது?"

"உறையோட உடம்புலயே இருக்கணும். கழட்டி வெச்சா மறப்பீங்க. மறந்தா ஏதாவது குழந்தை கையில கிடைக்கும். டிஷ்யூ டப்பா மேல வெச்சுட்டு வர்ற கழுதை எவளாவது இருந்தா, என் வகுப்புப் பக்கமே வர வேண்டாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நெல்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதாதா? எனக்கு எப்போதும் ஒரு கைதட்டல் வேண்டும்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சாப்பிடுகிற விருந்து. நான் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன். நடுவில் பாத்ரூம் போனேன். புதுப் பாவாடை, இடுப்பில் இறுக்கம். உறையோடு துப்பாக்கியைக் கழட்டி டிஷ்யூ டப்பா மேல் வைத்தேன். ஒரு நிமிஷம்தானே என்று வைத்தேன். கையைக் கழுவினேன், கண்ணாடியில் தலையைச் சரிபண்ணினேன், வந்து வாழைப்பழப் புட்டிங் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். பழைய எஃகுத் துப்பாக்கியாக இருந்தால் இரண்டடி நடக்கும்போதே இடுப்பு சொல்லியிருக்கும். இது இருந்தபோதும் தெரியவில்லை, இல்லாதபோதும் தெரியவில்லை.

ஹாய்ட்டின் பேத்தி, முதல் வகுப்புப் படிக்கிறவள், ஓடிவந்து, "தாத்தா, பாத்ரூம்ல துப்பாக்கி இருக்கு. நான் தொடல" என்றாள். ஹாய்ட்தான் எங்கள் சர்ச்சின் பாதுகாப்புக் குழுத் தலைவர். கரண்டிச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. என் கை தானாக இடுப்புக்குப் போனது. ஒன்றுமில்லை.

ஹாய்ட் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். தோட்டாக்களைக் கழற்றி மேஜையில் வைத்தார். "என் பேத்தி கெட்டிக்காரி, தொடல. வேற குழந்தைன்னா? யாரோடது இது?" என்று கேட்டார்.

எழுந்திரு என்றது மனசு. அந்தக் குழந்தை எனக்கு நேர் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சீ, என்ன பிறவி நான்! சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

ஹாய்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நெல்டா வாங்கினதுல்ல? வெள்ளைப் புள்ளி இருக்கே."

நெல்டா தான் வாங்கியதை ஊர் முழுக்கக் காட்டியிருந்தாள். நான் வாங்கியது அவளையும் கடைக்காரரையும் தவிர யாருக்கும் தெரியாது. அவளுடையது அந்த நேரம் அவள் பாவாடையில்தான் இருந்தது, எனக்குத் தெரியும், காலையில் நானே உறையைச் சரிபண்ணிவிட்டேன். அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"ஆமா பிரதர். என்னோடதுதான்" என்றாள்.

ஹால் முழுக்க முணுமுணுப்பு. "இவளுக்கெல்லாம் எதுக்குத் துப்பாக்கி?" என்றது ஒரு குரல். நெல்டா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தட்டைப் பார்த்தேன். புட்டிங் மேல் பிஸ்கட் ஊறிப்போய்க் கிடந்தது.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. சர்ச் சாவியை, அதாவது வேலையை, நெல்டாவிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அவள் என் வகுப்பை மறுபடி முழுசாக முடிக்க வேண்டும், அதுவரை துப்பாக்கி ஹாய்ட்டின் பெட்டியில் இருக்கும், சாவியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று தீர்மானம். பாஸ்டர் எனக்கு போன் பண்ணி, "கொஞ்சம் கண்டிப்பா இருங்க சிஸ்டர்" என்றார். சரி என்றேன். நெல்டாவுக்கு போன் பண்ணினேன், அவள் எடுக்கவில்லை. மறுபடி பண்ணவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். ஹாய்ட்டும் துப்பாக்கிப் பையோடு வந்து சுவரோரமாக நின்றார். நான் ஆரம்பிக்கிறதுக்குள், பின்னால் இருந்து கோரா, "நெல்டா, பாத்ரூம் போறியா? துணைக்கு வரட்டுமா?" என்றாள். கொல்லென்று சிரிப்பு. நெல்டா தலையைக் குனியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"வாயை மூடு கோரா. அது நெல்டாவோடது இல்ல. என்னோடது. வெச்சுட்டு வந்த கழுதை நான்தான்" என்றேன்.

முதலில் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். ஹாய்ட் கண் கலங்கியபடி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"பாத்துக்கோங்க, டீச்சர்னா இப்படி இருக்கணும். படிக்க வந்தவ பண்ண தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாங்க!"

"இல்ல பிரதர், நெஜமாவே என்னோடது. துப்பாக்கியில நம்பர் போட்டிருக்கும், வேணும்னா ரசீது கொண்டுவரேன், ஒத்துப் பாருங்க."

"உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியாதா? ரசீது கேட்டா அது உங்களுக்குப் பண்ற அவமானம். விடுங்க சிஸ்டர்."

நானும் விட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டல் காதில் விழுந்த அந்த நேரத்தில் ஒரு ஓரத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மிச்ச வகுப்பை நடத்தி முடித்தேன்.

முடிந்ததும் ஹாய்ட் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியை நெல்டாவிடம் கொடுத்தார். சாவியைப் பற்றி அவள் கேட்டாள். "அது வந்து... என் மச்சினி பாத்துக்கறா இப்ப. நல்லாத்தான் பெருக்கறா. கமிட்டியும் சரின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நெல்டா நேராக என் வண்டிக்கு வந்தாள். என் துப்பாக்கி இருந்த பையை இருக்கையில் வைத்தாள்.

"நாளைக்கே ரசீதை எடுத்துட்டு பாஸ்டர்கிட்ட போறேன்டி" என்றேன்.

"போ. உனக்கு இன்னும் ரெண்டு பேர் கை தட்டுவாங்க."

"நீ ஏன்டி அன்னைக்கு அப்படிச் சொன்னே? நானா கேட்டேன்?"

"நீ வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தே. உனக்கு மூச்சு வரட்டும்னு சொன்னேன்" என்றாள் நெல்டா. "ஒரு நிமிஷம்தான் ஜெரி. அடுத்த நிமிஷம் நீ எந்திரிச்சு, 'இல்ல, அவளோடது இல்ல'ன்னு சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."