கன்னையாவின் தேங்காயும் நீலக் கோடும்

இருபத்தேழாயிரத்து முந்நூறு ரூபாய். ரத்தினம்மா தன் பெரியப்பா மகன் கன்னையாவுக்குத் தரவேண்டிய கடன் அது. மேட்டுக் கழனியில் போர் போட்டபோது பைப்புக்கும் மோட்டாருக்கும் வாங்கியது. இடம் பார்த்துச் சொன்னவனும் கன்னையாதான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கழனியெல்லாம் நடந்தான். தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் காலால் கீறி, "இங்க தண்ணி நிக்கலன்னா நீ துட்டே தர வாணாம்மே" என்றான். அதையே டீக்கடையிலும் போய் ஊர் கேட்கச் சொன்னான்.

இரண்டு வருஷம் தண்ணீர் பாய்ந்தது. போன கத்திரி வெயிலில் குழாய் வெறும் காற்றாய் இருமியது. தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருள் கருகிவிடும் என்று ரத்தினம்மா ஃபியூஸைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டாள். போட்டது போட்டபடி கிடக்கிறது. மழை பெய்து ஓய்ந்து மார்கழியும் வந்துவிட்டது. வேர்க்கடலை விதைக்கலாமா கூடாதா? மோட்டாரைப் போட்டுப் பார்க்கப் பயம். கருகினால் கம்பி மாற்றிக் கட்டும் காசுக்கு யாரிடம் போய் நிற்பது? மேட்டுப் பக்கம் வேறு போரும் கிடையாது, எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள.

அப்போதுதான் டுவாக்ரா மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த மேடம் ஒருத்தி, நிலத்தடித் தண்ணீரைப் போனிலேயே பார்க்கலாம் என்று காட்டிக்கொடுத்தாள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் நட்டிருக்கும் குழாயில் மிஷின் இருக்கிறதாம். அது அளந்து அனுப்புவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். எங்கே தட்டுவது என்பது வரை சொன்னாள். அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. திரையில் வரும் கோட்டை எப்படிப் படிப்பது என்கிற பாடம் பிரிஞ்சி சோற்றோடு போயிற்று.

மறுநாள் காலையில் ரத்தினம்மா எழுத்துக் கூட்டித் தட்டினாள். நீலக் கோடு ஒன்று வந்தது. உச்சியில் முப்பத்தொரு மீட்டர். அங்கிருந்து சறுக்கிச் சறுக்கி, ஒன்பதில் வந்து உட்கார்ந்திருந்தது.

முப்பத்தொன்று இருந்த தண்ணீர் ஒன்பதாகிவிட்டதா! அடுத்த நிமிஷமே கடன் ஞாபகம் வந்தது. தண்ணீர் நிற்கவில்லை என்றால் துட்டே தரவேண்டாமே! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினாள்.

"இன்னாம்மே இது, பாம்பா?" என்றான் கன்னையா.

"கவருமெண்டு கோடுண்ணே. தண்ணி எறங்கிக்கினே கீது பாரு. உன் தேங்கா தோத்துப்புடுச்சி."

டீக்கடை நாகபூஷணம் எட்டிப் பார்த்தான். "ஏமி அண்ணா, சட்னிக்கு ஆவுற தேங்காய இட்டுக்கினு போயி தண்ணி தேடிக்கிற?"

கடை முழுக்கச் சிரித்தது. கன்னையாவின் முகம் சுருங்கிப்போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டான். "சொன்னா சொன்னதுதான். எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ எனக்கு ஒத்த ரூபா தர வாணாம்." பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த ரத்தினம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குழம்பு கொதிக்கும்போதும் போனைத்தான் பார்த்தாள். முப்பத்தொன்று எந்த மாசம்? மே.

மேயா? கத்திரி வெயிலாச்சே! லாரித் தண்ணிக்குக் குடத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மனோரமாவோடு முடியைப் பிடித்துச் சண்டை போட்ட மாசம். அந்த மாசத்திலா தண்ணீர் உச்சியில் நின்றது?

போனைத் தலைகீழாய்த் திருப்பினாள். கோடும் கூடவே திரும்பி நேராய் நின்றுகொண்டது. மறுபடி திருப்பினாள், அது மறுபடி நின்றது. போனைத் தரையில் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து, தன் தலையையே கவிழ்த்துப் பார்த்தாள். மே மாசத்திலிருந்து கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது!

கிணற்றுக்குக் கயிறு விடுகிற கணக்குதான். வெயில் காலத்தில் முப்பத்தொரு மீட்டர் கயிறு வேண்டும். இப்போது ஒன்பதே போதும். மிஷின் மேலிருந்து கீழே அளந்திருக்கிறது!

வாயை மூடிக்கொண்டிருந்தால் இருபத்தேழாயிரத்து முந்நூறு மிச்சம். வாய் மூடினால்தானே? சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அரிசி டிரம்மைக் கவிழ்த்தே விட்டாள்.

ஃபியூஸும் கையுமாக வந்து கூப்பிட்டவளைக் கன்னையா முறைத்தான். "இன்னும் இன்னா? மிச்ச மானத்தயும் கழுவி ஊத்தணுமா?"

"நீ வாண்ணே, சொல்றேன்."

கழனியில் அவன் குழாய்க்கு நேர் எதிரே, இடுப்பில் கை வைத்து நின்றான். அவள் ஃபியூஸைச் செருகி சுவிட்சைத் தட்டினாள். குழாய் இருமியது. செம்மண்ணாய் ஒரு கவளம் துப்பியது. பிறகு வந்தது பார், யானை துதிக்கையால் அடித்ததுபோல! கன்னையா வரப்பைத் தாண்டிப்போய் விழுந்தான்.

எழுந்தவன் துண்டைச் சுழற்றி ஆடத் தொடங்கினான். "என் தேங்கா! என் தேங்காம்மே! ஓரி தேவுடா, நிக்குதுடா தண்ணி!"

ரத்தினம்மாவும் சேற்றில் இறங்கிச் சுற்றினாள். மூச்சு வாங்கியதும் சொன்னாள்: "அப்ப துட்ட அறுப்பு முடிஞ்சதும் குட்துடறேண்ணே."

"எவன் கேட்டான்? வாணாம்னு சொன்ன வாயால இப்ப கேக்க சொல்றியா?"

"தண்ணி நிக்கலன்னாதான வாணாம்? நிக்குதே!"

"சொன்னது சொன்னதுதான்!"

"ஓசியில போட்ட போருன்னு ஊரு சொல்லும். தந்துதான் தீருவேன்!"

கடன்காரியும் கடன் கொடுத்தவனும் ஆளுக்கொரு வரப்பில் நின்று தலைகீழாய்ச் சண்டை போட்டார்கள். கடைசியில் கன்னையா கையை உயர்த்தினான். "சரி, கேளு. பக்கத்துல என் துண்டுக் கழனிக்கு இந்தப் போகம் தண்ணி வுடு. டீக்கடைல வந்து தேங்கா செயிச்சிதுன்னு உன் வாயால சொல்லு. கடனு அதோட தீந்துச்சி."

சொட்டச் சொட்ட இருவரும் கடைக்குப் போனார்கள். ரத்தினம்மா பெஞ்சின் மேல் ஏறினாள். "கன்னையா அண்ணன் தேங்கா செயிச்சிடுச்சி! கோட்ட நாங்கதான் தப்பாப் பாத்தோம்!"

நாகபூஷணம் போனை வாங்கிப் பார்த்தான். "கோடு கீழதான போவுது?"

"அதான்யா தண்ணி மேல வருது! உன் தலைய கவுத்துப் பாரு!"

நாகபூஷணம் நிஜமாகவே கவிழ்த்தான். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் வரிசையாய்க் கவிழ்த்தார்கள். கன்னையா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, காலையில் விட்டுப்போன டீக்குப் பதிலாக ஒன்று வாங்கி, இருபத்தேழாயிரத்து முந்நூறு ரூபாயையும் அதோடு சேர்த்து ஊதி ஊதிக் குடித்து முடித்தான்.