தாழ்ந்த காருக்கு ஒரு ஜாக்கி

கார் இறங்கியபோது டீச்சரின் கால் செருப்புக்குள் இல்லை. அன்று காலை நடந்தவற்றில் நல்லது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

முன்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, டிக்கியில் கிடந்த மடக்கு ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்கியிருந்தாள். ஈரச் செருப்பு வழுக்குகிறதே என்று கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். ஜாக்கி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைப் போல மெல்ல ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. டீச்சர் பின்னால் துள்ளி விழவும், கார் 'தொம்'மென்று உட்காரவும் சரியாக இருந்தது. சக்கரம் இன்னும் கழன்று வராததால் காருக்குச் சேதமில்லை. செருப்பில் ஒன்று மட்டும் டயருக்கு அடியில் காகிதமாகிக் கிடந்தது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் வைத்த அந்தப் பழைய, வயிறு தாழ்ந்த கார்தான் அவள் வகுப்பறை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நாய் குறுக்கே வந்தாலும் மிதிப்பார்கள், வராவிட்டாலும் மிதிப்பார்கள். அவர்கள் மிதிக்க மறந்தால் இவள் மிதிப்பாள். அதனால் பிரேக் பேடுகள் குளியலறை சோப்பைப் போலக் கரைந்துகொண்டே இருக்கும். மெக்கானிக்கிடம் காரை விட்டால் அவன் வாயிலிருந்து "நாளைக்கு" என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வராது. அவன் பட்டறையில் கார் தூங்கும், இவள் வகுப்புகளும் கூடவே தூங்கும். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, ஒரு தடவை அவன் முன்னாலேயே, அவன் சாமான்களை வைத்தே பேடு மாற்றியும் காட்டிவிட்டாள். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று புதுப் பேடுகளும் முறுக்கி அழுத்தும் கிளாம்பு ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பிய முதல் நாள்தான் இது.

சத்தம் கேட்டு மாமியார் டீயும் கையுமாக வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கடைசியாகச் செருப்பைப் பார்த்தார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"காலு எங்கம்மா?"

"ரெண்டும் இருக்கு அத்தை."

"சரி. அந்தக் குரங்குச் சாமானைத் தூக்கித் தூரப் போடு. இனிமே அது இந்த வீட்டு வாசல்ல இருக்கக்கூடாது."

ரொட்டிக் கடையில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்த அவர் மகனும், அதாவது டீச்சரின் கணவனும், எழுந்து வந்துவிட்டான். நடந்ததைக் கேட்டதும் குனிந்து அவள் கால்கள் இரண்டையும் தானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"பேசாம மெக்கானிக்கிட்டயே விட்டுடலாமே" என்றான்.

"திங்கக்கிழமைலருந்து வகுப்பு வரிசையா இருக்கு. அவன்கிட்ட விட்டா அடுத்த மாசம்தான்" என்றாள் டீச்சர். "தப்பு என் மேல இல்ல, ஜாக்கி மேல. அது வழியில பஞ்சர் ஆனா அவசரத்துக்கு வச்சுக்கிறது. சக்கரம் வச்ச ட்ராலி ஜாக்கி ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சது."

அவன் உடனே போனை எடுத்துத் தேடினான். "இதோ பாரு, மூணு டன் தூக்குமாம். அடிமாட்டு விலை. நாலரை நட்சத்திரம் போட்டிருக்காங்க."

"நட்சத்திரம் வானத்துலயே இருக்கட்டும்டா" என்றார் அவன் அம்மா. "இந்தக் காருக்கு அடியில அது நுழையுமா? அதைச் சொல்லு."

நல்ல கேள்வி. டீச்சர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஜாக்கி வைக்க வேண்டிய இடத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஸ்பிரிங்குகள் களைத்துப்போய்க் கார் இன்னும் பதிந்திருந்தது. ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த இடைவெளிக்குச் சரியாக நிற்கும்படி ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். முழுக்க இறக்கிய ஜாக்கி அந்த அட்டையைவிடக் குள்ளமாக இருக்க வேண்டும். மெக்கானிக் இரண்டு தடவைக்கு வாங்கும் கூலிக்கு மேல் போகவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளோடு தேடல் தொடங்கியது.

தேடலை மாமியார் கையில் எடுத்துக்கொண்டார். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் ஒருபோதும் உயராது, ஆனால் நிற்கவும் நிற்காது. நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு சாமான் கடைகளாகப் பார்த்து அழைக்க ஆரம்பித்தார்.

"ட்ராலி ஜாக்கி இருக்கா? சந்தோஷம். முழுசா இறக்கி வச்சா தரையிலருந்து எவ்வளவு உயரம்? ... தூக்கினா எவ்வளவுன்னு கேக்கலை தம்பி. இறக்கினா எவ்வளவு? ... தெரியாதா? ஸ்கேல் இருக்குமே கடையில. அளந்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

ஒரு கடையில் போனை வைத்துவிட்டார்கள். இன்னொரு கடையில், லாரிக்கா காருக்கா என்று கேட்டவரிடம் காரின் வரலாற்றையே சொன்னார். மூன்றாவது கடைக்காரர்தான் பொறுமையாக அளந்து சொன்னார். என்ன, ஒவ்வொரு ஜாக்கியையும் தனித்தனியாக அளக்க வைத்ததில் கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியது இந்த முனை வரை கேட்டது.

"கிளம்பு, அங்கதான் போறோம்" என்றார் மாமியார்.

நட்டுகளைத் திரும்ப முடுக்கிவிட்டு, கார் கீச்சிடக் கீச்சிட மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்கள். மகன் தூங்கவும் முடியாமல், கூட வரவும் தெம்பில்லாமல் வாசலில் நின்றான்.

கடை நீளமாக, குகை மாதிரி இருந்தது. வாசலில் கடைக்காரரின் சொந்தக் கார் பளபளவென்று நின்றது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு ஜாக்கி. முதலை மாதிரி நீளம், கைப்பிடியில் பஞ்சு உறை, பார்க்கவே கம்பீரம். டீச்சர் ஆசையாகக் குனிந்து தூக்கிப் பார்த்தாள். அது அசைய மறுத்தது.

"இதைத் தூக்கவே இன்னொரு ஜாக்கி வேணும் போலிருக்கே" என்றாள். அட்டையை வைத்துப் பார்த்தாள். ஜாக்கியின் தலை அட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தது. ஆசைக்கு அத்தோடு முடிவு.

கடைக்காரர் ஒரு சின்ன நீல ஜாக்கியை எடுத்து வைத்தார். "இது நல்லாப் போகுதும்மா. விலையும் கம்மி."

விலை உண்மையிலேயே கம்மி. ஒரு கையால் தூக்க முடிந்தது. அட்டைக்கும் அடங்கியது, மயிரிழைதான் இடைவெளி என்றாலும். டீச்சர் முகம் மலர்ந்தது. அப்போது மாமியார், "தூக்கிக் காட்டுங்க பாப்போம்" என்றார்.

"அதெல்லாம் கடையில பண்றதில்லைங்க."

"சார், காலைல போன்ல பேசினது நான்தான்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அளந்து அளந்து நொந்த முதுகு ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். "ஓ, நீங்களா" என்றார். மறு பேச்சில்லாமல் ஜாக்கியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தன் காருக்கு அடியில் தள்ளினார். நாலு அழுத்தில் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. டீச்சர் கையில் இருந்த அட்டையைப் படுக்கைவாட்டில் டயருக்கு அடியில் நுழைத்து, இழுத்துப் பார்த்தாள். தாராளமாக வந்தது. மறுபடியும் நுழைத்து வைத்தாள்.

மாமியார் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள், மூத்தவள் ஏன் வெளியூரில் வேலைக்குப் போனாள், போனில் ஒழுங்காகப் பேசுகிறாளா. கடைக்காரரும் மனம்விட்டுப் பேசினார். மகள் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாளாம், ஆனால் அவருக்குத்தான் என்ன பேசுவதென்று தெரியாதாம். "சாப்பாட்டைப் பத்தி மட்டும் கேக்காதீங்க, எல்லா அப்பாவும் அதைத்தான் கேக்குறாங்க. எத்தனை பேர் பேச்சைக் கேட்டிருக்கேன்" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, டீச்சர் குனிந்து அட்டையை இழுத்தாள்.

வரவில்லை. டயர் அதைக் கவ்விக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் டயரையே பார்த்தார்கள். கார் பூனை மாதிரி ஓசைப்படாமல் இறங்கி உட்கார்ந்திருந்தது.

"புதுசு பாருங்க... எண்ணெய் இன்னும் செட்டாகலை" என்றார் கடைக்காரர், காதைச் சொறிந்துகொண்டே.

"அது செட்டாகுற வரைக்கும் என் மருமக கையை எங்க வச்சுக்கிறது?"

கடைக்காரர் சிரித்துவிட்டார், அது நல்ல மனிதரின் சிரிப்பு. உள்ளே போய், மூலையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்த ஒரு சாம்பல் நிற ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் கீறல், பக்கவாட்டில் ஒரு நசுங்கல்.

"ஜீப் வச்சிருக்கிற ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். உயரம் பத்தலையாம். குள்ளமான காருக்குன்னே செஞ்சது இது. கேக்க ஆளில்லை, பார்க்கவும் லட்சணமா இல்லை. விலையைக் குறைச்சுப் போட்டுக்கலாம்."

அட்டைக்குக் கீழே அது தாராளமாக நுழைந்தது. கடைக்காரரின் கார் மறுபடியும் மேலே போனது. இந்தத் தடவை டீ வரவழைத்துக் குடித்தார்கள். இன்னொரு வாடிக்கையாளர் வந்து திருகாணி வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் அட்டையை இழுத்தாள், வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இழுத்தாள், அப்போதும் வந்தது. கைப்பிடியைத் திருகி இறக்கியபோது கார் தடாலென்று விழாமல், அவள் திருகிய அளவுக்கு மட்டும் இறங்கியது.

"இதுதான்" என்றாள். "இதோட ஒரு ஜோடி ஸ்டாண்டும் கொடுங்க."

மாமியார் முகம் கோணியது. "ஸ்டாண்டு எதுக்கு? இதுதான் கல்லு மாதிரி நிக்குதே. இவ்வளவு நேரம் பார்த்தோமில்ல? வீணா இன்னொரு செலவு."

"அத்தை, ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான். தூக்கினதைத் தாங்கி நிக்க வைக்கிறது ஸ்டாண்டு. எவ்வளவு நல்ல ஜாக்கியா இருந்தாலும் அதை மட்டும் நம்பி நான் கை வைக்க மாட்டேன். ஸ்டாண்டு இல்லைன்னா இந்த ஜாக்கியும் வேண்டாம்."

அது வகுப்பறைக் குரல். முதல் நாளே பெரிய சாலைக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களிடம் பேசும் குரல். வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்கல்ல? ஸ்டாண்டு இல்லாம நாங்க வாங்க மாட்டோம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல விலையாச் சொல்லுங்க."

நல்ல விலையாகவே சொன்னார். மெக்கானிக்கின் இரண்டு கூலிக்குள் எல்லாம் அடங்கியது. இனி வரும் ஜாக்கிகளைச் சோதித்துப் பார்க்க உதவுமே என்று, அட்டையைத் தன் கடைக்குக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசல் சரிவு. காலையில் ஜாக்கி தலை சாய்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சிமென்ட் பூசிய சமதளத்துக்குக் காரைக் கொண்டுபோனாள். கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கம்பியை என்கிட்ட கொடு" என்றார். அவர் அழுத்த அழுத்தக் கார் மூக்கை உயர்த்தியது. இருபுறமும் ஸ்டாண்டைக் கொடுத்து, அதன்மேல் பாரம் உட்காரும்படி டீச்சர் மெல்ல இறக்கினாள்.

"இரு" என்றான் கணவன். தூங்காத கண்கள் சிவந்திருந்தன. காரின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். அசையவில்லை. இடுப்பால் இடித்தான். அசையவில்லை. பின்னால் போய் ஆட்டிப் பார்த்தான். பிறகுதான் ஒதுங்கி நின்று, "ம், இப்போ கை வை" என்றான்.

சக்கரம் கழன்று வந்தது. பழைய பேடுகள் நகத்தைவிட மெலிந்து, இரும்பு தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் பிரேக்கே பிடித்திருக்காது. புதிய பேடு உட்கார வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். டீச்சர் கிளாம்பை மாட்டி முறுக்கிப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது.

"தள்ளு" என்று கணவன் வந்து உட்கார்ந்தான். தினமும் மூட்டை மூட்டையாக மாவு பிசைகிற கை. முகத்தைக்கூடச் சுளிக்காமல் முறுக்கினான், பிஸ்டன் நல்ல பிள்ளையாக உள்ளே போனது. அடுத்த சக்கரத்துக்கு அவனை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தானே ஸ்பானரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், "இதுக்கு எந்தப் பக்கம் திருகணும்?" என்று கேட்டான். அவள் சொன்னாள். தவறான பக்கம் திருகினான். மறுபடியும் சொன்னாள்.

எல்லாம் முடிந்து காரை இறக்கியபின், டீச்சர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, காலுக்குக் கெட்டியாகப் படும் வரை மிதித்தாள்.

"நானும் வரேன்" என்று மாமியார் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

"காலை மட்டும் அந்தப் பெடல் மேல வைக்காதீங்க அத்தை."

"நான் ஏன் வைக்கப்போறேன்?"

தெரு முனை வரை மெதுவாகப் போய் நிறுத்தினாள். சத்தமே இல்லாமல் நின்றது. திரும்பி வரும்போது கொஞ்சம் வேகமெடுத்து நிறுத்தினாள், அப்போதும் அப்படியே நின்றது. மூன்றாம் முறை அவள் மிதிப்பதற்குள்ளேயே கார் 'சட்'டென்று நின்று இருவரையும் முன்னால் தள்ளியது. டீச்சர் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஜன்னல் வழியாக யார் வீட்டுச் சுவரையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பிடிக்குதும்மா" என்றார் கடைசியில். "என் பக்கமும் நல்லாப் பிடிக்குது."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரும் சிரித்தார். வாசலில் கணவன் கிரீஸ் அப்பிய கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, கார் வந்து நிற்குமென்று வழிவிட்டு ஒதுங்கினான்.

"இப்பவே நிறுத்தணுமா?" என்றார் மாமியார். "பெரிய ரோடு வரைக்கும் போயிட்டு வரலாமே."

டீச்சர் அவனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கியரை மாற்றினாள்.